ஐம்பத்திரண்டாம் மூட்டை

"யாரும் வெளியே போகாதீங்க. மூட்டையைத் திரும்பக் கட்டாதீங்க" என்றார் விதை அதிகாரி.

வெள்ளைத் தட்டில் கொட்டிய கடுகளவு விதைகளுக்கு நடுவே, பட்டாணி அளவில் கறுப்பாக ஒன்று கிடந்தது. உடம்பெல்லாம் கொக்கி. கொக்கிமுள் களையின் விதை. கிடங்குக்காரர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

சுரங்கம் தோண்டி மொட்டையாக்கிய மலையை மறுபடி பச்சையாக்க, அதே மண்ணில் விளைந்த விதைதான் வேண்டும். அதற்காக நாற்பது குடும்பங்கள் இரண்டு வருடம் நாயாய் அலைந்து சேர்த்த நூற்று நாற்பது மூட்டை அது. களை எங்கே கலந்தது என்று இன்றைக்குள் தெரியாவிட்டால், அத்தனையையும் கொளுத்தச் சொல்லிவிடுவார்கள்.

அதிகாரி லேசுப்பட்டவர் இல்லை. வாசலில் எழுதியிருந்தபடி பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர், நாற்காலியைக்கூட வேண்டாம் என்றுவிட்டார். மூட்டை மூட்டையாகக் குனிந்து தன் கையாலேயே அள்ளிப் பார்த்தார். நடுநடுவே கணுக்காலைச் சொறிந்துகொண்டாரே தவிர, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதானே மேடம்..." என்று இழுத்தார் கிடங்குக்காரர்.

"ஒண்ணு போதும். மேற்குச் சரிவுல அப்படித்தான் ஆரம்பிச்சுது. இப்ப அங்க இடுப்பு உயரத்துக்கு இதுதான் நிக்குது. காலையில பார்த்துட்டுத்தான் வர்றேன், வயிறு எரியுது." அந்த ஐம்பத்திரண்டாம் மூட்டையில் தொங்கிய சீட்டைப் படித்தார். "பறிச்சது ஆத்தோரம். காயவச்சது உங்க வீட்டு முற்றம். சலிச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் கிடங்குக்காரரின் மனைவி. "மூணு தடவை சலிச்சேன். இந்தத் தடிமன் என் சல்லடையில இறங்கவே இறங்காது."

"அப்போ அதுக்கப்புறம்தான் வந்திருக்கு. இங்க ஏத்திட்டு வந்தது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவியின் தம்பி, லாரி டிரைவர், சுவரோடு சுவராக நின்றிருந்தான்.

"வழியில எங்கடா நிறுத்தின?" பாய்ந்தார் கிடங்குக்காரர்.

"எங்கயும் நிறுத்தலை மாமா. சத்தியமா."

"உன் சத்தியம் எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்தன்னைக்கே சாப்பாட்டு வண்டியோட காணாமப் போனவன் நீ."

"என் தம்பியை ஒரு வார்த்தை சொல்லாதீங்க" என்றாள் மனைவி. "உங்க அண்ணன் லட்சணத்தை நான் எடுத்து விடட்டுமா?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். "நீங்க வீட்டுல போய்ப் பேசிக்குங்க. எங்கேருந்து வந்ததுன்னு தெரியலைன்னு எழுதிடறேன்."

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தவள், ஐம்பத்திரண்டாம் மூட்டையின் அடியிலிருந்து எதையோ பொறுக்கினாள். இன்னொரு கொக்கிமுள்.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கைவைத்தார் கிடங்குக்காரர்.

அவள் குனிந்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டு மூட்டை வரிசையோடு போனாள். நாற்பதாவது மூட்டையிடம் ஒன்று. பதினெட்டாவதிடம் ஒன்று. வாசற்படியில், பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒன்று. அங்கே கொஞ்சநேரம் நின்றாள். பிறகு விறுவிறுவென்று திரும்பி வந்து, எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் காலடியில் மண்டியிட்டாள்.

அதிகாரி பதறிப் பின்வாங்கினார். "எழுந்திருங்கம்மா. என் கால்ல விழுந்தா மட்டும் சட்டம் மாறிடுமா?"

"விழலை மேடம். உங்க சாக்ஸ்ல இன்னும் எத்தனை ஒட்டியிருக்குன்னு எண்ணிட்டிருக்கேன்."