ஜிப் வைத்த போர்வை

"இந்தப் போர்வை உள்ள போகாது சார்."

பெரியவர் மூக்கு நுனியில் பனி கட்டியிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி. நவம்பரின் கடைசிச் சனிக்கிழமை. பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் நான்காம் வாசலில் வரிசை ஏரிக்கரை வரைக்கும் நீண்டிருந்தது.

அவருக்குப் பின்னால் நின்ற சிக்னிக்கு ரத்தம் கொதித்தது. சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். கொதிப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.

"போர்வை என்ன பாவம் பண்ணிச்சு?" என்று முன்னால் வந்தாள்.

"கால் நுழைக்க உள்ள ஒரு பை இருக்கு, அதுக்கு ஜிப் இருக்கு. விதி பதினாலு." சோதனை செய்கிற அம்மாள் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். மஞ்சள் கோட்டில் 'லொரெய்ன்' என்று பெயர் தைத்திருந்தது.

ஆள் உயரப் பலகை. குடை கூடாது. சுடுநீர்க் குடுவை கூடாது. முதுகு சாயும் மெத்தை கூடாது. பேட்டரியில் சூடாகும் கையுறை கூடாது. உள்ளிருப்பது வெளியே தெரியாத பை கூடாது.

"கை, கால் மட்டும் கொண்டு போகலாமா?" வரிசையில் ஒருவன் கத்தினான்.

"உள்ள இருக்கறது வெளிய தெரியற பையில போட்டு எடுத்துட்டு வா!" என்றான் இன்னொருவன். வரிசை சிரித்தது.

லொரெய்ன் சிரிக்கவில்லை. "சார், வண்டியில வெச்சிட்டு வந்துடுங்களேன்."

"பஸ்ல வந்தேன்" என்றார் பெரியவர். "வண்டியை ரெண்டு மைலுக்கு அந்தப் பக்கமே நிறுத்திட்டேன்."

"அப்ப குப்பைத் தொட்டியிலதான் போடணும். வேற வழி தெரியல."

பெரியவர் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டார். "என் பொண்டாட்டி தைச்சது. நாலு மாசம் தைச்சா. இது இல்லாம வீட்டுக்குப் போனா கதவு திறக்க மாட்டா."

"கேட்டீங்களா?" சிக்னி வரிசைப் பக்கம் திரும்பினாள். "உள்ள பெஞ்சு முழுக்க அலுமினியம். உட்கார்ந்தா ஒட்டிக்கும். வயசானவர் குளிர்ல விறைச்சாலும் பரவாயில்ல, ஜிப் மட்டும் உள்ள வரக் கூடாது! இந்த விதியை எழுதின முட்டாள் ஒரு நாளாவது அந்த பெஞ்சுல உட்கார்ந்திருப்பானா?"

"மாட்டான்மா" என்றார் பெரியவர், தரையைப் பார்த்தபடி.

"எழுதினவனைவிட, அதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறவங்க மோசம். கல்நெஞ்சக்காரங்க!"

வரிசைக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. "கல்நெஞ்சக்காரி! கல்நெஞ்சக்காரி!" என்று பூட்ஸ் காலால் தாளம் போட ஆரம்பித்தது.

லொரெய்ன் முகம் சிவந்தது. குளிராகவும் இருக்கலாம். "சார், நீங்க பேசாம திரும்பிப் போயிடலாம். டிவியிலேயே பாருங்க. உங்களுக்காகச் சொல்றேன்."

"அவர் ஏன் போகணும்?" சிக்னி பலகையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தாள். வக்கீல் மூளை. கடைசி விதியில் கண் நின்றது. "இதோ! விதி இருபத்திரண்டு. 'உரிமையாளர் பெயர் எழுதிய சீட்டு கட்டி, பொருளை ஆட்டம் முடியும்வரை வாசலில் வைக்கலாம்.' இதை ஏன் மறைச்சீங்க?"

லொரெய்ன் சட்டென்று அவள் கையைப் பிடித்தார். "கண்ணு, வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? சீட்டைக் குடுங்க!"

வேறு வழியில்லாமல் சீட்டும் பென்சிலும் வந்தன. பெரியவர் விரல்கள் மடங்கவில்லை.

"நான் எழுதறேன் ஐயா. உங்க பேர்?"

"விட்டுடும்மா. குப்பையிலேயே போட்டுடட்டும்."

"நாலு மாசம் தைச்சாங்கன்னீங்க! ஜெயிச்சுட்டோம் ஐயா, இப்பப் போய் பயப்படறீங்களே. பேரைச் சொல்லுங்க."

பெரியவர் லொரெய்னைப் பார்த்தார். லொரெய்ன் வேறெங்கோ பார்த்தார்.

"ஆர்வில் தோர்சன்" என்றார், காற்றுக்குக் கேட்காத குரலில்.

'ஆர்வில் தோர்' வரை எழுதிய பென்சில் நின்றது. இந்தப் பெயரை எங்கோ இப்போதுதான்...

நிமிர்ந்தாள். விதி இருபத்திரண்டுக்குக் கீழே, கையெழுத்து. அதற்கும் கீழே அச்சில்: ஆர்வில் தோர்சன், தலைவர், மைதானப் பாதுகாப்பு விதிக் குழு.

"பத்தொன்பது வருஷமா மாடியில இருக்கற கண்ணாடி ரூம்லேர்ந்துதான் ஆட்டம் பார்த்தேன்" என்றார் பெரியவர். "அங்க குளிராதும்மா. போன மாசம் ரிட்டையர் ஆனதும் அந்த ரூமுக்கான அனுமதி அட்டையைத் திருப்பி வாங்கிட்டாங்க. என் ஒருத்தனை மட்டும் விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

பின்னால் தாளம் நிற்கவில்லை. "கல்நெஞ்சக்காரி! கல்நெஞ்சக்காரி!"

லொரெய்ன் சீட்டை வாங்கிக் கசக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டார். புதுச் சீட்டு எடுத்தார். தன் பெயரை எழுதிப் போர்வையில் கட்டினார்.

"ஆட்டம் முடிஞ்சதும் என்கிட்ட வாங்கிக்குங்க சார். அடுத்து!"

பெரியவர் தலை குனிந்து உள்ளே போனார். சிக்னி தன் பையை நீட்டினாள்.

"இவர் யாருன்னு உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தினம் காலையில அந்தப் பலகையை நான்தானே தொடைக்கிறேன். கையெழுத்துப் போட்டவர் முகம் தெரியாமலா இருக்கும்?"

"அப்ப சொல்லியிருக்கலாமே! ஒரே வார்த்தை. இத்தனை பேர் உங்களைத் திட்டறதுக்குப் பதிலா அவரைத் திட்டியிருப்பாங்க."

லொரெய்ன் அவள் பையைத் திறந்து பார்த்து மூடினார்.

"வரிசையில நிக்கிற யார் மானத்தையும் வாங்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு கண்ணு. பலகையில தேடாத. அது அவர் எழுதினது இல்ல."