சீக்கிரம் உடையாதது

அம்மா லேப்டாப்பின் மூடியை இரண்டு கைகளாலும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கினாள்.

கடைக்காரர் பதறிப்போய்க் கையை நீட்டினார். பிறகு சிரித்துவிட்டார்.

“அக்கா, பொண்ணு காலேஜுக்குப் போகுதா, போருக்குப் போகுதா?”

அம்மாவும் சிரித்தாள். வெளியே காரில் அப்பா உட்கார்ந்திருந்தார். கடையின் கண்ணாடி வழியே எங்களைப் பார்க்க முடியும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். அம்மாவின் சிரிப்பு என்றால் இன்றும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

என் லேப்டாப்பை அப்பா முந்தின நாள்தான் உடைத்திருந்தார். அவர் கூப்பிட்டது என் காதில் விழவில்லை. அவ்வளவுதான் காரணம்.

உடைத்த மறுநாள் புதிது வாங்கிக் கொடுப்பது அப்பாவின் வழக்கம். டிவி, மின்விசிறி, குளியலறைக் கதவு எல்லாம் அப்படி வந்தவை. வீட்டுக்கு வருகிறவர்கள், உங்கள் வீட்டில் எல்லாமே புத்தம் புதிதாக இருக்கிறதே என்று அம்மாவிடம் வயிறெரிந்துவிட்டுப் போவார்கள்.

கல்லூரி திறக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. இந்த முறை உடையாத ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் எண்ணம் என்று நினைத்தேன்.

கீழே போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். சுவரில் மோதினால்? மேலே ஏறி மிதித்தால்?

கடைக்காரர் ஒரு லேப்டாப்பை எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து அப்படியே தரையில் விட்டார். அது விழுந்த சத்தத்தில் அம்மாவும் நானும் ஒரே சமயத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினோம்.

அவர் எங்களையே பார்த்தார். அதன் பிறகு அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார். கறுப்பு. பலகை போலத் தடியாக இருந்தது.

“கட்டட வேலை நடக்குற எடத்துக்கு வாங்கிட்டுப் போவாங்க. பாக்க நல்லா இருக்காது. கனமும் ஜாஸ்தி.”

அம்மா அதன் மூலையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். முறுக்கினாள். அது வளைந்து கொடுக்கவே இல்லை.

அப்போது கடைக் கதவு திறந்தது.

அப்பா ஷேவ் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தார். எதையாவது உடைத்த மறுநாள் அவர் முகம் குழந்தை முகம் மாதிரி இருக்கும். நேராக வந்து, காகிதம் போல மெல்லிய ஒரு வெள்ளி நிற லேப்டாப்பை எடுத்தார்.

“இத எடுத்துக்கோ பாப்பா. எவ்ளோ லேசா இருக்கு பாரு.”

மேசைக்குக் கீழே அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியாது. நான்தான் சொல்ல வேண்டும்.

“எனக்கு அந்தக் கறுப்புதான் புடிச்சிருக்குப்பா.”

அவர் கறுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாடையில் அந்த நரம்பு ஒரு முறை அசைந்தது.

“இப்பல்லாம் காலேஜ் பசங்க இதத்தான் சார் கேக்குறாங்க,” என்றார் கடைக்காரர், கல்மிஷமில்லாத முகத்தோடு.

அப்பா சிரித்தார். “ரசனை அப்படியே அம்மாவோடது.”

கார்டைத் தேய்த்துவிட்டுக் காருக்குத் திரும்பிப் போனார். கடைக்காரர் பெட்டியைக் கட்டினார்.

“இது உடையாதுல்லம்மா?”

“உடையும். அவர் கையில எதுதான் உடையாம இருந்திருக்கு?”

அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“ஆனா சீக்கிரம் உடையாது. ஒண்ணக் கையில எடுத்துட்டா, அது தூளாகற வரைக்கும் உங்கப்பா நிமிந்து பாக்க மாட்டார். அந்த நேரத்துல நீ செருப்பத் தேடிட்டு நிக்காம வெளிய ஓடிடணும்.”

“நீ?”

அம்மா பெட்டியைத் தூக்கி என் கையில் வைத்தாள். வா, அவர் காத்துக்கிட்டிருக்கார் என்றாள்.

முதல் பருவம் முடிவதற்குள் அந்த நாள் வந்தது. அவர் என்னை நோக்கித்தான் வந்தார். குறுக்கே புகுந்து, என் பையிலிருந்து லேப்டாப்பை உருவி அவர் கையில் திணித்தவள் அம்மாதான்.

நான் தெருமுனையைத் தாண்டிய பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அது நின்றபோது, வீட்டில் அவருடன் அம்மா மட்டும் இருந்தாள்.