பார், தொடு, தட்டு, கேள்

“டாக்குத்தரப் பாக்கத்தான் வந்தனான் தம்பி…”

“பாக்கலாம், பாக்கலாம். இப்ப வாயப் பொத்திக்கொண்டு படும்” என்றார் டொக்டர் நல்லரத்தினம்.

பெரியவர் கட்டிலில் கிடந்தார். டாக்குத்தரைப் பார்க்க வந்ததாகத்தான் வாசலிலும் சொன்னார். ஆஸ்பத்திரிப் பியோன் உடனே அவருடைய சால்வையை உருவி, இங்கே கொண்டுவந்து கிடத்திவிட்டான். சால்வை கால்மாட்டில் கிடந்தது.

பக்கத்தில் கண்ணகை நின்றாள். தாதிப் பயிற்சியில் இன்று அவளுக்குச் சோதினை. தவறினால் ஊருக்கு, வந்தாறுமூலைக்குத் திரும்பவேண்டியதுதான். அங்கே மாமன் வீட்டு மாடுகள் சாணம் போட்டுக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தன.

டொக்டர் சீமையில் படித்து வந்த புதிது. இன்று கோட்டும் புதிது. அதில் அத்தர் வேறு மணத்தது.

“பின்னேரம் எனக்கு முக்கியமான ஆக்கள் வாறாங்க. கெதியா முடிக்கணும். சொல்லு புள்ள, நோயாளிய எப்பிடிச் சோதிக்கிற?”

“பார், தொடு, தட்டு, கேள்.”

“முதல்ல நான் செய்யிறதப் பார். பாத்த உடனேயே தெரியுது, ஆள் கள்ளுக் குடியன். தொட்டா, வயிறு பானை. தட்டினா, தவில்.” பெரியவரின் வயிற்றில் ஒரு தாளம் போட்டுக் காட்டினார். பிறகு குழாயை நெஞ்சில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்பவரைப்போல இருந்தது. “ஈரல் முடிஞ்சுது. அடுத்த வேளாண்மை வெட்டக் கிழவன் இரிக்கமாட்டான். இப்ப நீ.”

பெரியவர் எழும்பப் பார்த்தார்.

“படும் எண்டு சொன்னனான்.”

கண்ணகை பார்த்தாள். தொட்டாள். தட்டினாள். பிறகு அவர் காதோரம் குனிந்து, “என்ன செய்யுது பெரியப்பா?” என்று கேட்டாள்.

அவர் நெடுநேரம் முணுமுணுத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் அது இருமலாக வெளிப்பட்டது.

“என்ன வேலை செய்யிற நீ?”

“நீங்கதானே ஐயா ‘கேள்’ எண்டீங்க.”

“மடச்சி. கேள் எண்டா, குழாய வெச்சுக் காதால கேக்கிற. நோயாளியிட்ட வாயால கேக்கிறதுக்கு நான் ஏன் சீமைக்குப் போய்ப் படிக்கணும்? நீ பெயில். நாளைக்கு வீட்ட போகலாம்.”

கண்ணகையின் கண்கள் நிறைந்தன.

டொக்டர் குழாயைச் சுருட்டிக்கொண்டே, “சரி, கேட்டுத் தொலைச்சியே, அந்தக் குடியன் என்னதான் சொன்னவன்?” என்றார்.

“குடிக்கிறல்லையாம் ஐயா. நோய் வருத்தமும் ஒண்டுமில்லையாம். மண்டூர்க் கந்தப்போடியாராம். பின்னேரம் குடும்பத்தோட வாறதுக்கு முதல், சொல்லாமக் கொள்ளாம வந்து ஒருக்கா டாக்குத்தரப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தவராம்… அவர்ர மகளுக்கு மாப்பிள்ளையா.”

பெரியவர் எழுந்து, சால்வையை உதறித் தோளில் போட்டார்.

“பாத்தாச்சு தம்பி. என்னக் கேட்டா, புள்ள பாஸ், நீங்கதான் பெயில்.”