துவைக்கப் போன துண்டு

இரண்டு நாற்காலிகளும் ஒரே லாரியில் அந்த அலுவலகத்துக்கு வந்து இறங்கியவைதான். ஒன்றின் முதுகில் வெள்ளைத் துண்டைப் போர்த்தினார்கள். அன்றிலிருந்து அதன் கூட்டாளி, "வாடா போடா"வை விட்டுவிட்டு, "ஐயா, சௌக்கியங்களா?" என்றது.

சனிக்கிழமை துண்டு துவைக்கப் போனது. துண்டை இழந்த நாற்காலி, வெற்று முதுகைச் சுவரோடு ஒட்டி மறைத்துக்கொண்டு, "காய்ஞ்சதும் வந்துரும்," என்றது.

"வரட்டும்டா, பாக்கலாம்," என்றது கூட்டாளி.

ஜன்னல் கம்பியில் காய்ந்த துண்டு காற்றில் பறந்து, மூலையிலிருந்த குப்பைக்கூடையைப் போர்த்தியது.

"வணக்கங்க ஐயா!" என்று பதறியது கூட்டாளி.

'அட மடையா, அது குப்பைக்கூடை!' என்று கத்தத்தான் நினைத்தது முதல் நாற்காலி. அதற்குள் அதன் வாயும், "வணக்கங்க ஐயா," என்றுவிட்டது.