ஊசி போடாத மேடம்

"நீங்களே கேளுங்க டாக்டர். ஒரு வாரமா நோயாளிகளுக்குக் கதிரியக்க ஊசி போடுற வேலை எல்லாம் என் தலையிலதான். தலைமை டெக்னீஷியன்னா கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்கலாமா?"

பொருமியவன் இளநிலை டெக்னீஷியன். அந்த ஸ்கேன் பிரிவில் அன்றுதான் சேர்ந்திருந்த டாக்டர், தலைமை டெக்னீஷியனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா விஷயம்?"

"அந்த மருந்துப் பக்கம் நான் இப்போ போகக்கூடாது டாக்டர். எனக்கு இது ரெண்டாவது மாசம்."

"மேடம்..." என்றான் இளநிலை டெக்னீஷியன்.

டாக்டர் சிரித்தார். "நல்ல செய்திம்மா. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சனிக்கிழமை அவரு பிறந்தநாள். அன்னைக்குச் சொல்லலாம்னு வாயைத் திறக்காம இருந்தேன் டாக்டர். மனுஷன் அதுக்குள்ள என் மேலயே புகார் சொல்ல உங்ககிட்ட வந்துட்டாரு."