ஆட்டோவில் போட ஒரு குரல்

மரக்காணம் ரெக்கார்டிங் அறையில் மூன்று பேர்: கம்ப்யூட்டர் முன்னால் செந்தமிழ், மைக் முன்னால் பாவாடை, அவர் முதுகுக்குப் பின்னால் மனைவி ஆராயி. உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிரச்சாரப் பதிவு.

"கத்தாதீங்கண்ணே, சத்தம் உடையுது" என்றான் செந்தமிழ்.

"எதிர்ப்பக்கம் மூணு ஆட்டோ ஓடுது. கத்தாம எப்படிப்பா ஜெயிக்கிறது?"

பெரிய சத்தத்தை அமுக்கும் கம்ப்ரசர் என்ற மென்பொருளைச் செந்தமிழ் அன்றுதான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். எந்த அளவுக்கு மேல் அமுக்குவது என்பதை மாற்றக் குமிழ் தேடினான். இல்லை. அந்த அளவு மாறாது, உள்ளே போகும் ஒலியைத்தான் கூட்ட வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. கூட்டி, பதிவானதைப் போட்டுக் கேட்டான். பாவாடையின் கத்தல் அடங்கியது. அடியில் கிடந்த சின்னக் குரல் மேலே வந்தது.

"உப்பளத்துல குடிதண்ணி... மழைக்காலத்துல நிவாரணம்..."

ஒவ்வொரு வரியையும் பாவாடைக்கு முன்பே அது சொன்னது.

"அண்ணி, நீங்களா எடுத்துக் குடுத்தீங்க?"

"இவருக்கு எதுவும் ஞாபகம் நிக்காது தம்பி."

"சரி, கடைசியில பாவாடைக்கு ஓட்டுப் போடுங்கன்னு சொல்லுங்கண்ணே."

"எனக்கு எதுக்குப்பா? பொம்பளைங்க வார்டு. நிக்கிறது இவதான்."

"அப்புறம் நீங்க ஏண்ணே பேசுறீங்க?"

"வெக்கப்படுவாளேன்னு..."

"யாரு, நானா?" என்றாள் ஆராயி.

பாவாடை சிரித்துக்கொண்டே வெளியே போனார். ஆராயி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மைக் முன்னால் வந்து நின்றாள்.