சந்திரனுக்குப் போன வசவு

தன் ஒற்றை விரல் அசைவில் சந்திரனே சிரித்துக் குலுங்கியது என்று பங்கிராஸ் சொன்னபோது, மனைவி ஜெபமணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தெருக்காரர்கள் அனுப்பும் செய்திகளில் எந்திரம் சந்தேகப்பட்டு நிறுத்துவதை விடுவதா, தடுப்பதா என்று முடிவுசெய்வது ஓய்வுக்குப் பின் அவர் வேலை. போன வருஷம் அவர் தடுக்காமல் விட்ட ஒரு வசவால் ஒரு பெண் ஊரையே விட்டுப் போனாள். அதிலிருந்து வசவு என்றாலே தடுத்துவிடுவார்.

எதிர்வீட்டு ரோஸ்லின் சந்திரச் சுரங்கத்திலிருக்கும் மகனை வைததெல்லாம் அப்படித்தான் அவரிடமே நின்றது. அதற்குப் பதிலாக எந்திரம் திருத்திய ‘அன்பு மகனே, உணவருந்தவும்’ மட்டும் போனது. “எங்கம்மா செத்துட்டாளா? யாரு அவ பேர்ல எழுதுறது?” என்று கேட்ட மகன் சோற்றைத் தொடவில்லை.

“அதான் ‘கட்டையில போறவனே, தின்னு தொலை’ன்னதை விட்டுட்டேன். பய ஒரு அண்டாச் சோறு தின்னானாம்!”

“அளக்காதீக. ஊர விட்டுப் போன அந்தப் பிள்ளைய மறந்துட்டீகளா?”

“மறக்கல. ஆனா ரோஸ்லின் வாய் எனக்குத் தெரியும்லா.”

அப்போது ரோஸ்லினே ஓடிவந்து கைத்திரையை நீட்டினாள். “அண்ணே, பாருங்க!”

மகன் முகமெல்லாம் சோற்றுப் பருக்கை. கூட்டாளிகள் அவன் அம்மாவின் வசவைக் கூடிச் சிரித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் காலி அண்டா.

ஜெபமணி இரண்டு தடவை பார்த்தாள். “நெசமாத்தான் நடந்திருக்கு,” என்றாள்.